அண்டாவின் தலை அளவு

பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று அவருக்கு இருக்கத்தான் செய்தது. ஆனால் அது லைசென்ஸிலும் ஆஸ்பத்திரிச் சீட்டிலும் மட்டும்தான் குடியிருந்தது. கட்டட வேலை நடக்கிற இடத்தில் அவர் அண்டா. தலை பெரிசு, அதனால் அண்டா. கான்கிரீட் ஊற்றுவதற்குப் பலகை அடித்துக் கொடுக்கும் சென்ட்ரிங் கூட்டத்தில் சேர்ந்த புதிதில் யாரோ ஒருத்தன் வைத்த பெயர். வைத்தவன் வேலையை விட்டுப் போய் ரொம்ப நாள் ஆகிவிட்டது. பெயர் மட்டும் போகாமல் ஒட்டிக்கொண்டது.

அண்டா தலையில் ஒன்றும் இல்லாமல் பைக் எடுக்கிற ஆள் இல்லை. இதை அவரே நாலு பேர் இருக்கும்போது சொல்லிக்கொள்வார். “தெருமுனைக் கடைக்குப் போனாலும் ஹெல்மெட் போட்டுத்தான் போவேன்.” அவர் ஹெல்மெட் என்று சொன்னது, கட்டடத்தில் எல்லாருக்கும் கொடுக்கிற மஞ்சள் பிளாஸ்டிக் தொப்பியை. கிண்ணத்தைக் கவிழ்த்து வைத்த மாதிரி இருக்கும். உள்ளே ஒரு பட்டை, பின்னால் ஒரு திருகு. ஒரு பக்கம் திருகினால் பட்டை இறுகும், மறுபக்கம் திருகினால் தளரும். அண்டா அதைத் தளர்கிற மட்டும் தளர்த்தி வைத்திருந்தார். வேர்வைக்காகக் கட்டிய துண்டு தலையில் எப்போதும் இருக்கும், அதற்கு மேல் தொப்பி. தாடைக்குக் கீழே மாட்டுகிற பட்டை அரிக்கிறது என்று கொடுத்த வாரமே அறுத்துப் போட்டாயிற்று.

அவர் மட்டும் இல்லை. சாயங்காலம் கேட்டைத் திறந்தால் மஞ்சள் தொப்பிகள் சாரிசாரியாக ரோட்டில் போகும். கம்பி கட்டுகிறவர், பூசுகிறவர், சித்தாள், எல்லாரும். தலைக்கு ஒன்று கொடுத்திருக்கிறார்கள், அது கட்டட வேலைக்கும் ஆகும், வண்டிக்கும் ஆகும் என்றுதான் எல்லாரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள். சிக்னலில் நிற்கும் போலீஸ்காரரும் தலையில் ஏதோ இருக்கிறது, போய்த் தொலையட்டும் என்று விட்டுவிடுவார்.

அண்டாவின் மனைவியும் அதே கட்டடத்தில்தான் சித்தாள். கலவை சுமப்பாள், செங்கல் எடுத்துக் கொடுப்பாள். காலையும் சாயங்காலமும் அவர் முதுகுக்குப் பின்னால், தானும் ஒரு மஞ்சள் தொப்பியோடு, மடியில் சாப்பாட்டுப் பையை அணைத்துக்கொண்டு உட்கார்ந்து வருவாள். நாளெல்லாம் சுமந்த உடம்புக்கு அந்தப் பயணம் ஒன்றுதான் ஓய்வு. காற்று முகத்தில் அடிக்கும். பாதி வழியில் அவள் தூங்கித் தலையை அவர் முதுகில் சாய்த்துவிடுவதும் உண்டு.

அன்று சாயங்காலம் பாலத்தில் ஏறும்போது அவள் தூங்கவில்லை. அதனால் எல்லாவற்றையும் பார்த்தாள்.

எதிரே ஒரு லாரி வந்தது. கடந்து போனபோது அடித்த காற்றில் அண்டாவின் தொப்பி ஒரு துள்ளுத் துள்ளி, அவள் தோளில் இடித்து, ரோட்டில் உருண்டது. சக்கரம் மாதிரி உருண்டு நடு ரோட்டுக்குப் போனது. பின்னால் வந்த இன்னொரு லாரியின் டயர் அதன்மேல் ஏறியது. ‘பட்’ என்று ஒரு சத்தம். அவ்வளவுதான்.

அண்டா வண்டியை ஓரம் கட்டித் திரும்பிப் பார்த்தார். சிரித்துவிட்டார். “நல்ல வேளை, உள்ள தலை இல்ல.”

அவள் சிரிக்கவில்லை. இறங்கிப் போய், வண்டிகள் விட்ட இடைவெளியில் ஓடி, உடைந்த துண்டுகளைப் பொறுக்கிக்கொண்டு வந்தாள். பொறுக்க முடிந்ததைப் பொறுக்கினாள், சின்னச் சில்லுகள் பாலத்தின் ஓரத்திலேயே கிடந்தன. துண்டுகளைச் சாப்பாட்டுப் பைக்குள் போட்டாள்.

மறுநாள் காலை அண்டா ஒரு மாற்றுத் தொப்பியைப் போட்டுக்கொண்டு வண்டியை உதைத்தார். வீட்டில் இன்னொன்று இருந்தது. அவள் பையை எடுத்துக்கொண்டு, வண்டியைத் தாண்டி, தெருவில் இறங்கி நடந்தாள்.

“எங்க போற?”

“பஸ்ஸுக்கு.”

“பைத்தியமா உனக்கு? ரெண்டு பஸ் மாறணும்.”

“மாறிக்கிறேன்.”

அண்டா வண்டியை அணைத்து, தள்ளிக்கொண்டே அவள் பக்கத்தில் நடந்தார். தெருவில் பல் தேய்த்துக்கொண்டு நின்றவர்கள் எல்லாம் வேடிக்கை பார்த்தார்கள்.

“தெருவே பார்க்குது, ஏறு.”

“பார்க்கட்டும். ஒழுங்கான ஹெல்மெட் ஒண்ணு அந்தத் தலையில ஏறட்டும், நானும் ஏறுறேன். அதுவரைக்கும் உங்க பின்னால உட்கார மாட்டேன்.”

“அதைப் போட்டா காது கேட்காது.”

“இப்ப மட்டும் நான் சொல்றது கேட்குதா?”

“வேர்க்கும்.”

“வெயில்ல பலகை அடிக்கும்போது வேர்க்கலையா?”

“முடி கொட்டிடும்.”

அவள் நின்று, துண்டுக்கு வெளியே தெரிந்த நெற்றியை நிதானமாகப் பார்த்தாள். “எது?”

அவள் பஸ்ஸில் ஏறிப் போய்விட்டாள். அவர் காலிச் சீட்டோடு தனியாக வேலைக்குப் போனார். பழக்கமான வண்டிதான். ஆனால் அன்று பின்பக்கம் பாரம் இல்லாமல் எதையோ மறந்து வைத்துவிட்டு வந்த மாதிரியே இருந்தது.

கட்டடத்தில் தினமும் வேலை தொடங்கும் முன் எல்லாரையும் நிற்க வைத்துப் பேசுகிற சேஃப்டி மேடம் அன்று மஞ்சள் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். வேலைக்கு வந்து கொஞ்ச காலம்தான் ஆகிறது, சின்ன வயசு. அவள் பேசும்போது பாதிப் பேர் நின்றபடியே தூங்குவார்கள். அன்று யாரும் தூங்கவில்லை, ஏனென்றால் போன மழைக்காலத்தில் செத்துப்போன கம்பிக்காரரைப் பற்றிப் பேச்சை எடுத்தாள்.

எல்லாருக்கும் அவரைத் தெரியும். வேலை முடிந்து போகும்போது ஒரு வளைவில் சறுக்கி விழுந்தார். பெரிய வேகம்கூட இல்லை. அவருடைய மஞ்சள் தொப்பி ஓரத்துப் புல்லில் ஒரு கீறல்கூட இல்லாமல் கிடந்தது. மறுநாள் யாரோ அதை எடுத்து வந்து ஸ்டோரில் ஒப்படைத்தார்கள். கொஞ்ச நாள் அது ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. அப்புறம் வேறு ஆளுக்குக் கொடுத்துவிட்டார்கள்.

“இந்தத் தொப்பி, மேலேர்ந்து ஏதாவது உங்க மேல விழுந்தா காப்பாத்தும்,” என்றாள் மேடம். “நீங்களே விழுந்தா காப்பாத்தாது. அதுக்காக இதைச் செய்யவே இல்ல. வர்ற திங்கக்கிழமையிலேர்ந்து மஞ்சத் தொப்பியோட பைக் இந்த கேட்டுக்குள்ள வரக் கூடாது. ஹெல்மெட் கம்பெனி தரும். ஓட்டுறவங்களுக்கும் பின்னாடி உட்கார்றவங்களுக்கும். மத்தியானச் சாப்பாட்டு நேரத்துல டீ கொட்டகைக்கு வந்து தலை அளவு கொடுங்க.”

தலை அளவு என்ற வார்த்தையைக் கேட்டதும் அண்டா தொப்பியைப் புருவம்வரைக்கும் இழுத்துவிட்டுக்கொண்டார்.

பக்கத்தில் நின்ற மச்சான் அதற்காகவே காத்திருந்தவன் போலக் காதுக்குள் சொன்னான். மச்சான் என்றால் மனைவியின் தம்பி, கம்பி கட்டுகிறவன், வாய் மட்டும் பத்து ஆளுக்கு உண்டு. செத்தவர் கூடவே வேலை பார்த்தவன் என்பதால் அவன் மட்டும் அப்போதே ஒழுங்கான ஹெல்மெட்டுக்கு மாறிவிட்டான். “மாமா, உங்களுக்கு ஹெல்மெட் வேணும்னா தண்ணி டேங்க் செய்யிறவங்ககிட்டத்தான் சொல்லணும்.”

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அண்டாவும் சேர்ந்து சிரித்தார். பல வருஷமாக அப்படித்தான் சிரித்து வருகிறார்.

மத்தியானம் டீ கொட்டகைப் பக்கம் வரிசை நின்றது. அண்டா சாப்பாட்டுத் தூக்கை எடுத்துக்கொண்டு மூன்றாவது மாடிக்குப் போய்விட்டார். அடுத்த நாளும் அப்படியே. காலையில் மனைவி இரண்டு பஸ் மாறி, வேர்த்து விறுவிறுத்து, தாமதமாக வந்து மேஸ்திரியிடம் திட்டு வாங்குவதை மேலே இருந்து பார்த்துக்கொண்டிருந்தார். மேஸ்திரி திட்டினால் திருப்பிக் கொடுக்கிறவள், அன்று பேசாமல் கலவைச் சட்டியைத் தூக்கிக்கொண்டு போனாள். இரண்டு நாள் அலைச்சலில் அவள் நடையே மாறியிருந்தது. மத்தியானம் அண்டா சாப்பாட்டுத் தூக்கைப் பாதியிலேயே மூடி வைத்தார்.

அன்று வீட்டுக்கு வந்ததும் அவள் அடுப்புப் பக்கம் போய்க் காய் நறுக்க உட்கார்ந்தாள். இவர் வாசற்படியில் உட்காருவதும் எழுந்திருப்பதுமாக இருந்தார்.

“என்ன, பூனை மாதிரி உள்ளயும் வெளியயும்?”

“எனக்கு ஹெல்மெட் கிடைக்காது,” என்றார் அண்டா, சுவரைப் பார்த்து.

“ஏன், கம்பெனிதான் தருதே?”

“என் அளவுக்குக் கிடைக்காது. யாரும் செய்யிறதில்ல.”

பிறகு சொன்னார். கல்யாணத்துக்கு முன்னால், பைக் வாங்கிய புதிதில், நல்ல ஹெல்மெட்டாகப் பார்த்து வாங்கவேண்டும் என்று ஆசையோடு ஒரு கடைக்குப் போனார். கடை நிறையக் கூட்டம். எடுத்து மாட்டினார். காதுவரைக்கும் வந்து நின்றது. கீழேயும் போகவில்லை, மேலேயும் வரவில்லை. கடைக்காரர் ஒரு பக்கம் பிடித்தார், ஹெல்மெட் வாங்க வந்தவர் ஒருத்தர் மறுபக்கம் பிடித்தார். கூட்டத்தில் ஒருத்தன், “எண்ணெய் இருந்தா ஊத்திப் பாருங்க” என்றான். கடைசியில் ‘பளக்’ என்று பாட்டில் மூடி மாதிரி கழன்று வந்தது. காது இரண்டும் எரிந்தது. அம்மாவின் கையைப் பிடித்து நின்ற ஒரு சின்னப் பெண் முதலில் சிரித்தாள். அப்புறம் கடையே சிரித்தது. கடைக்காரர் சிரிப்பை அடக்கிக்கொண்டு, “உங்க சைஸ் எந்தக் கம்பெனியும் போடுறதில்லைங்க” என்றார். அண்டா ஓடி வந்துவிட்டார்.

“அன்னிக்கு வந்தவன், இன்னும் எந்தக் கடைக்கும் போகல. இப்ப அத்தனை பேர் முன்னால நின்னு, அது ஏறாம, உன் தம்பி வாய்க்கு வேற...” என்று முடிக்காமல் விட்டார்.

அவள் கத்தியைக் கீழே வைத்தாள். உதட்டைக் கடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு முடியவில்லை. சிரித்தாள். குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள், கண்ணில் தண்ணீர் வந்தது.

“சிரி, நீயும் சிரி,” என்றார் அண்டா.

“இதையா இத்தனை வருஷம் வயித்துக்குள்ள வச்சிருந்தீங்க?” முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். அப்போதுதான் அவள் பார்வை சுவரில் மாட்டியிருந்த கல்யாணப் போட்டோவில் விழுந்தது. எழுந்து அதன் பக்கத்தில் போய் நின்றாள். போட்டோவைப் பார்த்தாள், இவரைப் பார்த்தாள், மறுபடி போட்டோவைப் பார்த்தாள்.

“அப்ப உங்களுக்கு இந்த முடியா இருந்தது?”

போட்டோவில் இருந்த மாப்பிள்ளைக்குத் தலையில் காக்கா கூடு கட்டினது போலச் சுருட்டை முடி, காதை மூடிக்கொண்டு, நாலா பக்கமும் பொங்கி நின்றது.

“ஆமா, அதுக்கென்ன?”

“அதுக்கென்னவா? அந்தக் கூடு மேல ஹெல்மெட் எப்படி ஏறும்? துண்டை எடுங்க.”

“துண்டு எதுக்கு? அது எப்பவும் என் தலையிலதான் இருக்கு.”

“தூங்கும்போது இருக்கா? எடுங்க மனுஷா.”

துண்டு வந்தது. அவள் வேலைப் பையிலிருந்து, செங்கல் வரிசை நேராக வருகிறதா என்று கொத்தனார் இழுத்துக் கட்டிப் பார்க்கிற நூலை எடுத்தாள். புருவத்துக்கு மேலே வைத்து, காதுக்கு மேலே கொண்டுபோய், பின்மண்டை மேடு வழியாகச் சுற்றி, இரண்டு முனையும் சேர்ந்த இடத்தில் ஒரு முடிச்சுப் போட்டாள். அண்டா கண்ணை மூடிக்கொண்டு, ஊசி போடுகிறவர்களிடம் உட்காருகிற மாதிரி உட்கார்ந்திருந்தார்.

“பெரிசா?”

“நூலைப் பார்த்தா நூலாத்தான் இருக்கு. இதை நான் மேடம்கிட்டக் கொடுத்து அளவு சொல்லிடுறேன். நீங்க வரிசையில நிக்க வேண்டாம். ஆள் யாருன்னுகூடச் சொல்ல மாட்டேன்.”

“முதல்ல என்கிட்டக் கொடு,” என்றார் அண்டா. வாங்கிச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார். அந்தச் சின்ன வளையத்தைப் பார்க்கப் பார்க்க அவருக்கு ஒரு சந்தேகம் வந்திருந்தது.

மறுநாள் மத்தியானம் அவர் மூன்றாவது மாடிக்குப் போகவில்லை. மச்சான் சாப்பிட்டுவிட்டு எங்கே படுப்பான் என்று தெரியும். அடுக்கி வைத்த பலகைமேல், கையைத் தலைக்கு வைத்து, வாயைத் திறந்துகொண்டு தூங்கினான். தூங்கும்போது மட்டும்தான் அந்த வாய் சும்மா திறந்திருக்கும். அண்டா சத்தம் இல்லாமல் பக்கத்தில் குந்தினார். நூல் வளையத்தை எடுத்து மெதுவாக அவன் நெற்றியில் மாட்டி, தலையைக் கொஞ்சம் தூக்கி, பின்பக்கம் இறக்கினார்.

சரியாக உட்கார்ந்தது. ஒரு விரல்கூட நுழையவில்லை. தளரவும் இல்லை.

அண்டாவுக்கு நம்பிக்கை வரவில்லை. கழற்றித் தன் தலையில் மாட்டிப் பார்த்தார். மறுபடி அவனுக்கு மாட்டப் போனபோது மச்சான் விழித்துக்கொண்டான்.

“ஐயோ மாமா! கழுத்தை நெரிக்கிறீங்களா? அக்கா! அக்கா, உன் புருஷன்...”

“கத்தாதடா. கழுத்துல இல்ல, தலையில.”

“தலையில என்ன?”

“என் தலை அளவு இது. உங்கக்கா எடுத்தது. உனக்கும் இதேதான்டா.”

மச்சான் எழுந்து உட்கார்ந்தான். நூலை வாங்கித் தன் தலையில் சுற்றினான். முடிச்சைத் தடவிப் பார்த்தான். அவன் வாயடைத்து உட்கார்ந்ததை அண்டா முதல்முறையாகப் பார்த்தார்.

“அப்ப என் தலையும் அண்டாவா?” என்றான் கடைசியில்.

கத்தல் கேட்டுச் சாப்பிட்ட கையோடு ஆட்கள் வந்தார்கள். விஷயம் தெரிந்ததும் ஆளுக்கு ஆள் நூலை வாங்கி மாட்டிப் பார்த்தார்கள். சித்தாள் பெண்கள் ஒருத்தி தலையில் ஒருத்தி மாட்டிச் சிரித்தார்கள். ஒருத்தனுக்குக் கொஞ்சம் தளர்ந்தது, ஒருத்தனுக்குக் கொஞ்சம் இறுகியது, மற்றபடி எல்லாருக்கும் ஏறக்குறைய சரியாகத்தான் இருந்தது. என்ன கூட்டம் என்று அதட்டிக்கொண்டு மேஸ்திரி வந்தார். அவரையும் விடவில்லை. அவர் தலையில் மட்டும் நூல் பாதியிலேயே நின்றுவிட்டது, எவ்வளவு இழுத்தும் இறங்கவில்லை. யாரும் ஒன்றும் பேசவில்லை. மேஸ்திரிக்குப் பட்டப்பெயர் வைக்கிற அளவுக்கு அங்கே யாருக்கும் துணிச்சல் கிடையாது.

அண்டா துண்டை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டு தானாகவே டீ கொட்டகைக்கு நடந்தார். மேடம் தையல்காரர் டேப்பால் அவர் தலையைச் சுற்றி அளந்தாள்.

“சாதாரண அளவுதான் அண்ணா.”

“நல்லாப் பாருங்க மேடம்.”

அவள் இன்னொரு தடவை அளந்தாள். “சாதாரணம்தான்.”

அவருக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. கூடவே எதையோ யாரோ தன்னிடமிருந்து பிடுங்கிக்கொண்ட மாதிரியும் இருந்தது. இத்தனை வருஷம் சுமந்த பெருந்தலை, ஒரு டேப்பில் ஊரார் தலையாகிவிட்டது. மனைவி பின்னால் நின்று, “தலை சின்னதுதான் மேடம், பிடிவாதம்தான் எந்த சைஸ்லயும் அடங்காது” என்றாள்.

அந்த வாரக் கடைசியில் அட்டைப் பெட்டிகளில் ஹெல்மெட்டுகள் வந்து இறங்கின. வேலை முடிந்து கை கால் கழுவியதும் கேட்டுக்குப் பக்கத்தில் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக் கொடுத்தார்கள். லைசென்ஸில் இருக்கிற பெயரைக் கூப்பிட்டதால் அண்டா இரண்டு தடவை கூப்பிட்ட பிறகுதான் போனார்.

கையில் வாங்கியபோது கனமாக இருந்தது. தலையில் கவிழ்த்து அழுத்தினார். காதுவரைக்கும் வந்தது. நின்றது.

அந்தக் கடை, அந்தக் கூட்டம், அந்தச் சின்னப் பெண், எல்லாம் ஒரு நொடியில் வந்து நின்றன. காது சுட்டது. மேலே இழுக்கப் போனார்.

“அண்ணா, இழுக்காதீங்க,” என்றாள் மேடம். “கீழ தொங்குது பாருங்க, ரெண்டு பட்டை. ரெண்டையும் ரெண்டு பக்கமா விரிச்சுப் பிடிச்சுக்கிட்டே இறக்குங்க.”

விரித்துப் பிடித்தார். இறக்கினார். வழுக்கிக்கொண்டு இறங்கிவிட்டது. உலகத்துச் சத்தம் எல்லாம் ஓர் எட்டுத் தள்ளிப் போனது. புதுத் துணி வாசனை அடித்தது. இவ்வளவுதானா என்று இருந்தது அவருக்கு. பட்டையை விரிக்கவேண்டும் என்று அந்தக் கடைக்காரர் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

“கன்னத்தை அழுத்துது மேடம்.”

“அழுத்தணும். தலையை ஆட்டுங்க. அது தனியா ஆடக் கூடாது.”

ஆட்டினார். ஆடவில்லை. தாடைக்குக் கீழே பட்டையை மாட்டினார், ‘டிக்’ என்றது. அப்புறம்தான் யார் யார் சிரிக்கிறார்கள் என்று சுற்றிப் பார்த்தார். ஒருத்தரும் சிரிக்கவில்லை. அவரைப் பார்க்கக்கூட இல்லை. ஆளுக்கு ஆள் தன் தலையோடும் பட்டையோடும் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள். மேஸ்திரி மட்டும் பெட்டிகளுக்குப் பின்னால் மேடத்திடம், “இதுக்கு மேல பெரிய சைஸ் இல்லையாம்மா?” என்று ரகசியமாகக் கேட்டுக்கொண்டிருந்தார். இருந்தது. அதுவும் வந்திருந்தது.

மஞ்சள் தொப்பிகள் எல்லாம் ஸ்டோரில் ஆணிகளில் தொங்கின, காலையில் வந்து எடுத்துக்கொள்வதற்கு. வீட்டில் இருந்த உடைந்த துண்டுகளையும் மனைவி கொண்டுவந்து குப்பையில் கொட்டியிருந்தாள்.

அண்டா வண்டியை உதைத்தார். திரும்பிப் பார்க்கவில்லை. சீட் கொஞ்சம் அமுங்கியது. பின்பக்கம் பழைய பாரம் வந்து உட்கார்ந்தது, சாப்பாட்டுப் பை முதுகில் இடித்தது.

“போகலாமா?”

“போலாம்.”

கேட்டைத் தாண்டி ரோட்டில் இறங்கும்போது பிரேக் பிடித்தார். அவள் ஹெல்மெட் அவர் ஹெல்மெட்டில் மோதியது. டொக்.

“மெதுவா,” என்றாள்.

சிக்னலில் மறுபடி டொக். பாலத்தில் ஏறினார்கள். எதிரே லாரி வந்தது. அண்டாவுக்குப் பழக்கத்தில் கை தலைக்குப் போகப் பார்த்தது. போகவில்லை. காற்று வந்து அடித்து, தலையைச் சுற்றிக்கொண்டு பின்னால் போய்விட்டது. ஓரத்தில் இரண்டு மூன்று மஞ்சள் சில்லுகள் இன்னும் கிடந்தன. அண்டா பார்த்தார். அவளும் பார்த்திருப்பாள்.

“போற வழியில வெங்காயம் வாங்கணும்,” என்றாள் அவள் பின்னாலிருந்து.

“சரி.”

“காது கேட்குதா?”

“கேட்குதே.”

“அப்ப இத்தனை வருஷம் கேட்காதது ஹெல்மெட் இல்லாததாலதான் போல.”

அண்டா உள்ளுக்குள் சிரித்துக்கொண்டார். ஹெல்மெட் கன்னத்தை இறுக்கியதால் சிரிப்பு வெளியே வர இடமில்லை. முன்னால் ரோடு காலியாகத்தான் இருந்தது. இருந்தாலும் லேசாக ஒரு தடவை பிரேக்கைத் தொட்டார்.

டொக்.